அணிப் பெருக்கல் செயற்குறி

அணிப் பெருக்கல் செயற்குறி என்பது நேரியல் இயற்கணிதத்துக்கான மென்பொருள் நூலகங்களில் இரண்டு அணிகளைப் பெருக்கப் பயன்படும் குறியீடு ஆகும். அணிகளைப் பெருக்கும் முறைகள் பல இருப்பதால், * என்னும் குறி அவற்றுள் எதைச் சுட்ட வேண்டும் என்பதை நூலகத்தை வடிவமைப்போரே முடிவு செய்கின்றனர். இம்முடிவு நூலகத்துக்கு நூலகம் வேறுபடுகிறது.

இரு பொருள்கள்

வழமையான அணிப் பெருக்கலில் முதல் அணியின் நிரையும் இரண்டாம் அணியின் நிரலும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன. உறுப்புவாரிப் பெருக்கலில் (அடமார் பெருக்கம்) ஒரே இடத்திலுள்ள உறுப்புகள் மட்டும் பெருக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியிலுள்ள ஒரு குடும்பம் மாதந்தோறும் 2 கிலோ அரிசியும் 3 கிலோ பருப்பும், திருவரங்கத்திலுள்ள ஒரு குடும்பம் 4 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும் வாங்குவதாகக் கொள்வோம். கிலோ அரிசியின் விலை முதல் மாதம் 50 ரூபாய், அடுத்த மாதம் 60 ரூபாய். பருப்பின் விலை 100, 120 ரூபாய்.

அளவு அணி: [2 3, 4 1]
விலை அணி: [50 60, 100 120]
அணிப் பெருக்கல்: [400 480, 300 360]
உறுப்புவாரிப் பெருக்கல்: [100 180, 400 120]

முதல் விடை இரு குடும்பங்களின் இரு மாதச் செலவைத் தருகிறது. இரண்டாவதற்குப் பொருளே இல்லை. திருவரங்கத்தாரின் அரிசி அளவு பருப்பு விலையால் பெருக்கப்பட்டுள்ளது. இரண்டும் 2×2 அணிகள் என்பதால் கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டாது. செயற்குறியின் பொருளைத் தவறாகக் கொள்வதிலுள்ள பேரிடர் இதுவே.

பைத்தான் மொழியில்

மேட்லேப், சைலேப் ஆகியவற்றில் * அணிப் பெருக்கலையும் .* உறுப்புவாரிப் பெருக்கலையும் குறிக்கும். ஆர் மொழியில் இது தலைகீழ்: * உறுப்புவாரியானது, அணிப் பெருக்கலுக்கு %*% என எழுத வேண்டும். பைத்தானின் நம்பை நூலகத்தில் நெடுங்காலம் இரு வழக்கங்களும் கலந்திருந்தன. பொதுவான தரவு வகையில் * உறுப்புவாரியாகவும், அணிக்கென அமைந்த தனி வகையில் அணிப் பெருக்கலாகவும் இயங்கியது. ஆகவே a*b என்னும் வரியை மட்டும் படித்து அதன் பொருளை அறிய இயலாது.

புதிய செயற்குறிகளுக்காக 2000 ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட இரு முன்மொழிவுகள் ஏற்கப்படவில்லை. 2014 இல் நத்தானியேல் சிமித் முன்மொழிந்த @ ஏற்கப்பட்டு, 2015 இல் பைத்தான் 3.5 பதிப்பில் இடம்பெற்றது. பைத்தானின் உள்ளமைந்த தரவு வகைகள் எவையும் இக்குறியைப் பயன்படுத்துவதில்லை என்பது வியப்புக்குரியது. நம்பையின் தனி அணி வகை இப்பொழுது பரிந்துரைக்கப்படுவதில்லை.

பெருக்கும் வரிசை

@ இடமிருந்து வலமாகச் செயற்படும். எனவே A@B@x என்பது (A@B)@x ஆகும். A, B ஆகியன 1000×1000 அணிகளாகவும் x ஒரு திசையனாகவும் இருப்பின், வழமையான முறையில் இதற்கு ஏறத்தாழ 100 கோடிப் பெருக்கல்கள் தேவை. A@(B@x) என எழுதினால் 20 இலட்சம் போதும். விடை ஒன்றே, அடைப்புக்குறி இடுவது பயனரின் பொறுப்பு.

பிற பெருக்கங்கள்

குரோனெக்கர் பெருக்கம், இந்தியப் புள்ளியியலாளர்கள் சி. ஜி. காத்ரி, சி. ஆர். ராவ் ஆகியோர் 1968 இல் அறிமுகப்படுத்திய காத்ரி-ராவ் பெருக்கம் போன்றவற்றுக்குப் பைத்தானில் தனிக் குறிகள் இல்லை. அவை பெயரிட்ட சார்புகளாகவே வழங்கப்படுகின்றன.