குடவோலையும் கூடைப்பந்தும்: திருவுளச் சீட்டிற் சூது புகுமாறு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் இல்லங்களிற் சீட்டுப் பிடிக்கும் வழக்கத்தை அறியாதார் இலர். பெயர்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரே அளவாக மடித்து, பாத்திரத்திலிட்டுக் குலுக்கி, வீட்டுக் குழந்தையொன்றை அழைத்து எடுக்கச் செய்வர். குழந்தை ஏன் என எவரும் வினவுவதில்லை. குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்பது அனைவரும் ஒப்பிய விடை. அவ்விடை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நாட்டிற் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அது எவ்வளவு தூரம் போதுமான விடை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது, தொலைவிலுள்ள அமெரிக்க நாட்டிற் கூடைப்பந்தாட்டத்தின் பொருட்டு எழுந்த ஒரு வழக்காகும். அங்கு தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரரை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. தோற்ற அணிக்கே முதல் உரிமை என்றிருந்தமையால், வேண்டுமென்றே தோற்கின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதனைத் தவிர்க்க 1985 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி நியூயோர்க் நகரில் ஏழு அணிகளின் பெயருறைகள் ஒளிபுகும் உருளையொன்றில் இடப்பட்டன. ஆணையாளர் டேவிட் ஸ்ரேர்ன் தம் கையாலேயே அவற்றை எடுத்தார். பற்றிக் யூவிங் என்னும் பெருவீரரைப் பெறும் முதலுரிமை நியூயோர்க் அணிக்கே வாய்த்தது. உறையொன்று உருளையின் ஓரத்தில் மோதி மூலை மடிந்தது என்றனர் சிலர். அவ்வுறை முன்னரே குளிரூட்டப்பட்டிருந்தது என்றனர் வேறு சிலர். இரண்டும் இன்றுவரை நிறுவப்படவில்லை. எனினும் இரு கதைகளும் ஒரே இடத்தையே சுட்டுதல் கவனிக்கத்தக்கது. எடுக்கும் கை அறிந்த கை. தொட்டறிய ஓர் அடையாளம் அதற்குப் போதும்.

இனி உத்தரமேரூர்ச் சாசனங்களை நோக்குவோம். முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி. பி. 919 இலும் 921 இலும், அவ்வூர்ப் பிராமண மகாசபை செய்துகொண்ட ஏற்பாடுகள் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளன. (பின்னாளில் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ எனச் சாசனங்கள் போற்றும் மன்னன் இவனே, ஈழத்து வாசகர் இதனை மறத்தற்கில்லை.) இவற்றை அறிஞர் வெங்கையா 1904-05 ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். அன்று தொட்டு மேடைதோறும் ‘பழந்தமிழர் மக்களாட்சி’ என இவை புகழப்பெற்று வருகின்றன. புகழ்ந்தோர் பலர்; அதன் காவல் ஏற்பாடுகளை நின்று நோக்கினோர் சிலரே.

921 ஆம் ஆண்டுச் சாசனம் கூறும் முறை வருமாறு: முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, கட்டுக்கு ஒரு வாயோலை பூட்டிக் குடத்திலிடுவர். சிறியோரும் பெரியோரும் உட்பட மகாசபை முழுமையாகக் கூடும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாது உள்மண்டபத்தில் அமர்வர். அவருள் மூத்தவர் எழுந்து வெறுங்குடமொன்றை எல்லோரும் காண உயர்த்திக் காட்டுவார். ஒன்றும் அறியாத பாலன் ஒருவன் ஒரு கட்டை எடுத்துக் கொடுக்க, அதன் ஓலைகளை அவ்வெறுங்குடத்திற் கொட்டிக் குலுக்குவர். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் அதனையே வாசிப்பர்.

விரித்த உள்ளங்கை என்பது சடங்கன்று. விரலிடுக்கில் மறைத்த ஓலையை மாற்றிவிடும் வித்தையை அச்சபையார் அறிந்திருந்தனர் எனக் கொள்வதே பொருத்தம். வெறுங்குடத்தைக் காட்டுவது, அடியில் முன்னரே ஓலை கிடந்ததோ என்ற ஐயத்தை நீக்கும். பலர் வாசிப்பது, ஒருவன் பொய்ப்பெயர் கூறுதலைத் தடுக்கும். 919 ஆம் ஆண்டு ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்த நேர்ந்தமையால், இடையில் ஏதோ ஒரு முறைகேடோ பூசலோ நிகழ்ந்திருத்தல் வேண்டும் என நாம் ஊகிக்கிறோம். இஃது ஊகமேயன்றிச் சாசனம் வெளிப்படக் கூறுவதன்று.

பாலனைப் பற்றி நமக்கு அத்துணை உறுதியில்லை. 1999 இல் இத்தாலியின் மிலான் நகரில் அதிர்ஷ்டலாபக் குலுக்கலுக்கென நிறுத்தப்பட்ட, கண்கட்டிய சிறுவர்களே மோசடிக்குக் கருவியாயினர் என்பது வெளிப்பட்டது. குறித்த பந்துகளைத் தொட்டறியுமாறு அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர். ஓலைகள் ஒரே நீளமாக இருத்தல் வேண்டும் என்னும் விதியை உத்தரமேரூரில் நாம் காணவில்லை. நறுக்கிய ஓலை நுனியை ஒரு சிறுவனுக்குக் கற்பிப்பது அரிதோ? ஆயினும் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மரைத் தெரிதலின், ஒருமுறை ஏமாற்றினாற் கிடைப்பது முப்பதில் ஓர் இடமே. அதுவும் ஓராண்டுக்கே, மூவாண்டுகளுள் வாரியஞ் செய்தார் பெயர் மீண்டும் குடத்திற் புகாது. கணக்குக் காட்டாதார் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். களவைத் தடுப்பதைக் காட்டிலும் களவின் ஊதியத்தைக் குறைப்பதே வலிய காவல் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

அமெரிக்கர் பிற்காலத்தில் வேறு வழி சென்றனர். 1990 இலிருந்து தோற்ற அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்பு அளித்தனர்; உறைகளை விட்டுப் பந்துகளுக்கு மாறினர். பதினான்கு பந்துகளுள் நான்கு எழும்பும். அமையக்கூடிய சேர்க்கைகள் 1001. குலுக்கல் சாட்சிகள் முன்னிலையில் மூடிய அறையில் நடந்து, பின்னரே முடிவு ஒளிபரப்பாயிற்று. 2025 இல் நூற்றுக்கு 1.8 வாய்ப்பே பெற்றிருந்த டலஸ் அணி முதலிடம் பெற்றபோது பழைய ஐயம் மீண்டும் எழுந்தது. கணக்கு நேராயினும், மக்கள் காண வெறுங்குடத்தை உயர்த்திக் காட்டுவார் அங்கு இலர்.

ஆனால் உண்மையான சூது குடத்துக்கு வெளியே நிகழ்வது. வாய்ப்பைக் கூட்டுதற்காக அணிகள் தோற்கின்றன என்ற முறைப்பாடு ஓயாமையால், 2019 இல் கடைநிலை மூன்று அணிகளுக்கும் நூற்றுக்கு 14 எனச் சமமாக்க நேர்ந்தது. உத்தரமேரூரிலோ, குடத்திற் பெயர் புகுதற்கே இறைநிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 க்கு மேல் 70 க்குட்பட வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் குறைந்தவர்க்கு ஒரு சலுகை உண்டு: அரைக்கால்வேலி உடையார், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருப்பின் அவர் பெயரும் ஏற்கப்படும். அவ்வூர் நிலத்தை உழுதோர், ஏரியைத் தூர்வாரியோர், பெண்டிர் ஆகியோரின் பெயரைத் தாங்கிய ஓலை எந்தக் குடத்திலும் விழவில்லை. ஏரி வாரியத்துக்குரிய அறுவரும் அந்த ஓலைகளிலிருந்தே வந்தனர்.