எக்ஸ்எல் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு

பதினைஞ்சு நாளா எதுவும் எழுத முடியல. காரணம் என் வண்டி.

போன மாசம் ஒரு நாள் காலையில அஞ்சரை மணிக்கு ரெண்டு கேன் பாலை மாட்டிக்கிட்டு சொசைட்டிக்குக் கிளம்பினேன். ஏரிக்கரை மேட்டுல ஏறும்போது வண்டி ரெண்டு தடவை திணறி அப்படியே நின்னுபோச்சு. பிளக்கைக் கழட்டித் துடைச்சேன், கார்ப்பரேட்டர் கப்பைத் திறந்து ஊதினேன், உதைச்சு உதைச்சு கால்தான் வலிச்சது. தள்ளிக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள பால் எடுக்கிற நேரம் முடிஞ்சுபோச்சு. பதினெட்டு லிட்டர் பால். பாதியை டீக்கடையில பாதி விலைக்குக் கொடுத்துட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து தயிருக்கு ஊத்தினோம். "பால் வித்து வண்டிக்குச் செலவு பண்றியா, வண்டியை வித்துப் பாலுக்குச் செலவு பண்றியா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

அந்த வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர். 2008-ல வாங்கினது. டவுன்ல இருக்கிற நீங்க சினிமாவுல காமெடிக்காரர் ஓட்டுற வண்டியாத்தான் இதைப் பார்த்திருப்பீங்க. புல்லட்டுக்கு வரலாறு எழுத நிறைய பேர் இருக்காங்க, எக்ஸ்எல்லுக்கு யாரும் எழுதுறதில்லை. ஆனா எங்க பக்கத்துல பாலு, மீனு, கீரை, உரமூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாத்தையும் நாற்பது வருஷமா சுமந்தது இதுதான். அதனால இன்னைக்கு அந்தக் கதையைச் சொல்றேன்.

எனக்கு இந்த வண்டிக் கதை தொடங்கினது வைத்திக்குப்பத்துல இருந்து. புதுச்சேரி டவுன்ல வடக்குப் பக்கம் கடலோரமா இருக்கிற மீனவர் குப்பம் அது. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் உட்பட சுத்துப்பட்டு சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்கிற கடற்கரை. எங்க ஊரு வில்லியனூர் தாண்டி உள்ளே. எங்களுக்கு மீன் வர்றது வைத்திக்குப்பத்துல இருந்துதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப மீன்கார அண்ணன் ஒருத்தர் சைக்கிள்ல வருவாரு. பின்னாடி கேரியர்ல பெரிய கூடை, மேல ஈரச் சாக்கு. காலையில வலை கரைக்கு வந்த பிறகு கிளம்பி, எங்க தெருவுக்கு வரும்போது பதினோரு மணி ஆயிடும். வெயில் காலத்துல அந்த மீனை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாங்கணும். அதுக்கு அந்தாண்ட இருக்கிற ஊர்களுக்குக் கருவாடுதான்.

1982-ஓ 83-ஓ, அதே அண்ணன் ஒரு நாள் 'டர்ர்ர்'னு சத்தத்தோட ஒன்பது மணிக்கே வந்து நின்னாரு. டிவிஎஸ் 50. தெருப் பிள்ளைங்க எல்லாரும் மீனைப் பாக்காம வண்டியைப் பாத்தோம். சைக்கிள் மாதிரி பெடல் இருக்கு, ஆனா மிதிக்கிறாரு இல்ல!

பெடலும் மோட்டாரும் சேர்ந்த இந்த வண்டிக்கு மொபெட்னு பேரு. அந்தச் சொல்லை 1950-கள்ல சுவீடன்காரங்க உருவாக்கினாங்க, மோட்டார்ல இருந்து பாதி, பெடல்ல இருந்து பாதி. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப ஐரோப்பாவுல கையில காசு இல்லை, பெட்ரோல் இல்லை, ஆனா வேலைக்குப் போகணும். பிரான்சுல 1946-ல வெலோசோலெக்ஸ் வித்தாங்க. சைக்கிளோட முன்சக்கரத்து மேல குட்டி எஞ்சின், அது ஒரு உருளையைச் சுத்தும், உருளை டயரைச் சுத்தும். கொஞ்ச வருஷத்துல மோட்டோபெக்கான் கம்பெனியோட மோபிலெட் வந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க 1954 நவம்பர் 1-ல புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாகிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க. ஆனா அவங்க மொபெட் வேற வழியா நம்ம பக்கம் வந்துடுச்சு. மோட்டோபெக்கான் தொழில்நுட்பத்தை வாங்கி, திருப்பதியில மொபெட்ஸ் இந்தியா கம்பெனி 'சுவேகா' வண்டி செஞ்சாங்க. அப்புறம் 1972-ல கைனடிக் கம்பெனியோட லூனா வந்துச்சு. வாத்தியார், தபால்காரர், கணக்குப்பிள்ளை இவங்கதான் அதையெல்லாம் வச்சிருந்தாங்க. ஒரு ஆளு போகலாம், ஒரு பை மாட்டலாம், அவ்வளவுதான்.

1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்ததுதான் பெரிய மாற்றம். மதுரையில 1911-ல தொழில் தொடங்கின டி.வி.சுந்தரம் ஐயங்கார் குடும்பத்தோட கம்பெனி. இந்தியாவுல ரெண்டு பேர் உட்காரலாம்னு வந்த முதல் மொபெட் இதுதான். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ரெண்டாவது ஆளோட எடையைத் தாங்குற வண்டி ஒரு மூட்டை நெல்லையும் தாங்கும், ஒரு பெட்டி மீனையும் தாங்கும். கம்பெனிக்காரங்க ஆளுக்காகப் போட்ட சீட்டை நம்ம ஜனங்க சரக்குக்காக எடுத்துக்கிட்டாங்க. கியர் இல்ல, கிளட்ச் பிடிக்க வேணாம். வேட்டி கட்டினவரும் ஓட்டலாம், புடவை கட்டினவங்களும் ஓட்டலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல இருக்கிற இடத்துல ஒரு யூரியா மூட்டையை நிக்க வைக்கலாம். பின்னாடி வந்த எக்ஸ்எல் மாடல்ல பின் சீட்டையே கழட்டி வச்சுடலாம். கிராமத்துக்காரன் வண்டியை என்ன செய்யிறான்னு பாத்துட்டுத்தான் அதைச் செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

வைத்திக்குப்பத்து அண்ணனுக்கு அந்த வண்டி வந்த பிறகு நாளுக்கு மூணு ஊரு போனவர் எட்டு ஊரு போனாரு. கருவாடு மட்டுமே தின்ன ஊர்ல சங்கராவும் வஞ்சிரமும் கிடைச்சது. திரும்பிப் போகும்போது காலிப் பெட்டியில எங்க ஊர்க் கத்திரிக்காயும் வாழைத்தாரும் ஏத்திக்கிட்டுப் போவாரு. எங்கப்பா அவரைப் பாத்துத்தான் 1991-ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிவிஎஸ் 50 வாங்கினாரு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பாலு தெருவைத் தாண்டிப் போனதில்லை. வண்டி வந்த பிறகுதான் ரெண்டாவது மாடு வாங்கினோம்.

இப்ப பராமரிப்புக்கு வர்றேன். அந்த வண்டி எல்லாம் ரெண்டு ஸ்ட்ரோக். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல வால்வு இருக்கும், தனியா எண்ணெய் இருக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்ல வால்வு கிடையாது. சிலிண்டர் சுவத்துல ஓட்டை இருக்கும், பிஸ்டன் மேல கீழ போறப்ப அதுவே திறந்து மூடும். மசகு எண்ணெயைப் பெட்ரோல்லயே கலந்துடணும், லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் பங்க்ல கையால அடிக்கிற சின்ன பம்பு ஒண்ணு இருக்குமே, ஞாபகம் இருக்கா? அது இந்த எண்ணெய்க்குத்தான். கம்மியா ஊத்தினா பிஸ்டன் பிடிச்சுக்கும். அதிகமா ஊத்தினா புகையும், பிளக்குல கரி பிடிக்கும்.

இந்த எஞ்சின்ல உள்ள பாகங்கள் கம்மி. அதனால ரிப்பேரும் நம்ம கையிலேயே இருந்துச்சு. பிளக்கைக் கழட்டி உப்புத்தாள்ல தேய்க்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை சைலன்சரைக் கழட்டிக் கரி எடுக்கிறது, செயினை மண்ணெண்ணெயில ஊற வைக்கிறது, இதெல்லாம் நான் பத்தாவது படிக்கும்போதே பக்கத்து வீட்டு வண்டியில கத்துக்கிட்டேன். பெரிய வேலைன்னா ரிங் மாத்தணும், இல்ல போர் போட்டுப் புது பிஸ்டன் போடணும். அதுக்கு வைத்திக்குப்பம் மெக்கானிக்கிட்டதான் போவேன்.

இருவது கிலோமீட்டர் போய்வந்து அங்க ஏன் காட்டணும்னு கேப்பீங்க. எக்ஸ்எல்லோட எல்லா வியாதியும் அவருக்குத் தெரியும். கடலோரத்துல வண்டி வச்சிருக்கிறது சாதாரணம் இல்ல. உப்புக் காத்துல ரிம்மு, ஸ்போக்கு, சைலன்சர் எல்லாம் துரு ஏறும். அதோட மீன் பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி, உப்புத் தண்ணி, ரத்தம் எல்லாம் ஒழுகி ஃப்ரேம் மேலயே விழும். தினமும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, காஞ்ச பிறகு பழைய ஆயிலைத் துணியில தொட்டுத் தடவினாத்தான் நாலு வருஷம் தாங்கும். செய்யாதவங்க வண்டி சீட்டுக்குக் கீழயே ஒடிஞ்சு விழுந்ததைப் பாத்திருக்கேன். எஞ்சின் நல்லா இருக்கும், உடம்பு போயிருக்கும்.

எங்க வயக்காட்டு வண்டிக்கு நேர் எதிர். உடம்பு இரும்பு மாதிரி இருக்கும், எஞ்சின் தேயும். எப்பவும் மேடு, சேறு, ஓவர் லோடு.

என் வண்டிக்கு ரெண்டு தடவை போர் போட்டாச்சு. 2023-ல பதினைஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யைப் புதுப்பிச்சேன். அந்தக் கட்டணம் மட்டும் ஆயிரம் ரூபா. 2022 ஏப்ரலுக்கு முன்னாடி அது முந்நூறுதான். இருவது வருஷம் தாண்டின வண்டிக்கு இப்ப ரெண்டாயிரம்னு ஆக்கிட்டாங்க. பழசை வச்சிருக்காதேன்னு சொல்றாங்க. அதுல நியாயமும் இருக்கு. ரெண்டு ஸ்ட்ரோக்ல எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடயே வெளிய போயிடும். நமக்குக் காசும் நஷ்டம், பின்னாடி வர்றவனுக்கு மூச்சும் முட்டும். வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து வந்த என் பொண்ணு, "அப்பா, உன் சட்டையிலயே புகை வாசனை"ன்னு சொல்லும்.

புகைக் கட்டுப்பாடு வருஷா வருஷம் இறுகிச்சு. பாரத் ஸ்டேஜ் நாலு 2017 ஏப்ரல்ல, ஆறு 2020 ஏப்ரல்ல. அதுக்கு முன்னாடியே, 2015-ல, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினோட எக்ஸ்எல் 100 வந்துடுச்சு. பழைய சூப்பர் 69.9 சிசி, இது 99.7. அப்புறம் பட்டன் ஸ்டார்ட் வந்துச்சு. 2020-ல கார்ப்பரேட்டரே போய், பெட்ரோலை அளந்து பீச்சுற ஃபூயல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு.

பால் கெட்ட அன்னைக்கு மறுநாள் ஒரு மினி டெம்போவுல வண்டியை ஏத்தி வைத்திக்குப்பம் கொண்டுபோனேன். மெக்கானிக் தலையைக் கழட்டிப் பாத்துட்டு, "மூணாவது போர் தாங்காதுப்பா. பிளாக்கே மாத்தணும். கிராங்க்கும் ஆடுது"ன்னாரு. எட்டாயிரம் வரைக்கும் ஆகும்னு கணக்குச் சொன்னாரு. பழைய வண்டியே அந்த விலைக்குப் போகாது.

"புதுசு வாங்கினா நீ பாத்துக் கொடுப்பியா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. "ஆயில் மாத்துவேன், பிரேக் ஷூ மாத்துவேன். இன்ஜெக்‌ஷன் கோளாறுன்னா அதுக்கு ஒரு மிஷின் மாட்டிப் பாக்கணும். எங்கிட்ட அது இல்ல"ன்னாரு. நாப்பது வருஷமா காதாலயே எஞ்சினைப் பாத்தவரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏரிக்கரையில நின்னா நானும் இனிமே பிளக்கைத் துடைச்சு ஊதிக் கிளப்ப முடியாது. ஃபோன் பண்ணிட்டு உட்காந்திருக்க வேண்டியதுதான். ஆனா பழசைக் கையால சரி பண்ணத் தெரிஞ்சும் அன்னைக்குப் பால் கெட்டுத்தானே போச்சு? அதையும் யோசிச்சேன்.

அங்கயே ஒரு வழி பிறந்துச்சு. பழைய மீன்கார அண்ணனோட மகன் இப்ப எக்ஸ்எல் சூப்பர்ல மீன் விக்கிறான். அவன் வண்டியும் அதே பட்டறையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆறு மாசம் முன்னாடிதான் எஞ்சின் வேலை பாத்தது, ஆனா ஃப்ரேம் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. மெக்கானிக் ரெண்டு வண்டியையும் மாறி மாறிப் பாத்துட்டு, "உன் உடம்புல அவன் எஞ்சினைப் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்"ன்னு சொன்னாரு. எஞ்சின் நம்பர் மாறுறதால போக்குவரத்து ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில பதிவு பண்ணணும், பேரையும் மாத்தணும். அதை அந்தத் தம்பியே பாத்துக்கறேன்னுட்டான். மூவாயிரம் கொடுத்தான். ரெண்டாயிரம் போதும்னு ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவங்கப்பா வண்டியைப் பாத்துத்தானே எங்கப்பா வாங்கினாரு.

நான் எக்ஸ்எல் 100 வாங்கிட்டேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது கை கொடுத்துச்சு. வரியோட சேர்ந்து 50,000 ரூபா இருந்த வண்டின்னா ஏறக்குறைய 3,900 ரூபா குறையும். மீதிக்குத் தவணை. வந்த பதினைஞ்சு நாள்ல நான் பாத்தது: பழசு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்துச்சு, இது 60-க்கு மேல கொடுக்குது. சத்தம் கம்மி, மேட்டுல திணறல் இல்ல. எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, ஆனா எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாத்தணும். ரெண்டு ஸ்ட்ரோக் பழக்கத்துல அதை மறக்கிறவங்கதான் நிறைய. நீங்க யாராவது ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு இந்த வண்டி வாங்கிக் கொடுத்திருந்தா, அதை மட்டும் ஃபோன்ல ஞாபகப்படுத்துங்க.

முந்தாநாள் காலையில எங்க தெருவுல பழக்கமான 'டர்ர்ர்' சத்தம். வாசலுக்கு ஓடிப் பாத்தேன். என் பழைய வண்டி, பின்னாடி மீன் பெட்டி. சீட்டுக்குக் கீழ பழைய ஆயில் தடவி வச்சிருக்கானான்னு முதல்ல குனிஞ்சு பாத்தேன். தடவியிருந்தான். அப்புறம்தான் மீன் என்ன விலைன்னு கேட்டேன்.