சூரன் யார்? மாவனல்லையில் 1864 மார்ச் 21இல் நடந்தது



ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஆம் திகதி இலங்கைப் பொலிஸார் கடமையின்போது உயிர்நீத்த தமது சகாக்களை நினைவுகூர்கிறார்கள். 'பொலிஸ் வீரர்கள் தினம்' என்று செய்திகளில் நாம் கேட்டிருப்போம். ஏன் அந்தத் திகதி என்று கேட்டால் எம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

அந்தத் திகதிக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் இருக்கிறார். அவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட இருவரில் ஒருவரும் முஸ்லிம்தான். மற்றவர் நாடே அறிந்த பெயர்: உதுவன்கந்தை சூர சரதியேல்.

இந்த மூவரில் ஒருவருடைய பெயர் கதையாக, நாடகமாக, சினிமாவாக வாழ்கிறது. இரண்டாமவர் அந்தக் கதையில் 'நண்பன்' என்று வருகிறார். மூன்றாமவருடைய பெயரைச் சொன்னால் "அது யார்?" என்று கேட்கிறோம். துணிச்சல் மூவரிடமும் இருந்தது. பெயர் மட்டும் ஏன் இப்படிப் பங்கிடப்பட்டது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

*

முதலில் அந்தப் பாதையைப் பார்ப்போம்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகும்போது கேகாலையைத் தாண்டி மாவனல்லையை நெருங்கும் இடத்தில் ஒரு கற்பாறை மலை தெரியும். அதுதான் உதுவன்கந்தை. மேலே நின்றால் கீழே பாதையில் யார் வருகிறார், என்ன கொண்டு வருகிறார் என்று பார்க்கலாம். கீழே நிற்பவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார்.

1820களில் ஆங்கிலேயர் இந்தப் பாதையை அமைத்தார்கள். அதில் உழைத்து மாண்ட கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு கோப்பிக் காலம் வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பி மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. அரிசியும் கருவாடும் துணியும் பணமும் அதே பாதையால் மேலே ஏறின. அப்போது ரயில் இல்லை. கண்டிவரை ரயில் போனது 1867இல்தான். அதுவரை மலைநாட்டின் செல்வமெல்லாம் உதுவன்கந்தையின் காலடியால்தான் போய் வந்தது.

அந்தச் செல்வத்தில் ஊர் ஏழைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காணிகளை அரசுக்குச் சொந்தமாக்கியது. பாட்டன் காலம் தொட்டுச் சேனை வெட்டிய நிலம் ஒரே நாளில் 'முடிக்குரிய காணி' ஆகித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. 1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி என்று வந்தன. போதாததற்கு, ஆண்கள் வருடத்தில் 6 நாட்கள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்றார்கள். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

புரன் அப்புவை ஆங்கிலேயர் கொள்ளைக்காரன் என்றார்கள். நாம் இன்று பாடப்புத்தகத்தில் அவரைத் தேசிய வீரர் என்று படிப்பிக்கிறோம். ஆகவே, அரசாங்கம் வைத்த பெயர் வேறு, மக்கள் வைத்த பெயர் வேறு என்பது மலைநாட்டு மக்களுக்குப் புதிதல்ல. சரதியேல் வளர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

*

தீகிரிகேவகே சரதியேல் 1832இல் பிறந்தவர். சிலாபம் பக்கத்துத் தகப்பனுக்கும் உதுவன்கந்தைப் பக்கத்துத் தாய்க்கும் பிள்ளை என்பார்கள். சிறுவயதில் பன்சலையில் படிக்கும்போது பணக்காரப் பிள்ளைகள் அவரை ஏளனம் செய்ததாகவும், அதனால் மூண்ட சண்டையே அவரது வழியைத் திருப்பியதாகவும் ஊரில் சொல்வார்கள். பிடிபட்டுக் கொழும்பில் அடைக்கப்பட்டபோது மதில் பாய்ந்து தப்பினார் என்பது இன்னொரு கதை. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லச் சொல்ல வளர்ந்தது என்று இன்று பிரித்தெடுப்பது கஷ்டம். ஆனால் அவர் உதுவன்கந்தையைத் தளமாக வைத்துக் கண்டிப் பாதையில் கொள்ளையடித்ததும், அவரைப் பிடிக்க அரசாங்கம் நீண்ட காலம் அலைந்ததும் உண்மை.

அவருடைய கூட்டத்தில் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார். கடைசிவரை பிரியாதவர் அவர்தான்.

"பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான்" என்பதுதான் சரதியேல் பற்றி எல்லோரும் சொல்வது. இங்கிலாந்தில் ராபின் ஹூட் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். எரிக் ஹொப்ஸ்போம் என்ற வரலாற்றாசிரியர் இப்படிப்பட்டவர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து 'சமூகக் கொள்ளையர்' என்று பெயர் வைத்தார். சட்டம் இவர்களைக் குற்றவாளி என்கிறது. கிராமம் எம் பிள்ளை என்கிறது. நிலம் பறிபோய், வரி ஏறி, முறையிட இடமில்லாமல் நிற்கும் மக்களுக்கு, எசமானைப் பயப்படுத்தும் ஒருவன் தேவைப்படுகிறான். அவன் முழு நல்லவனாக இல்லாவிட்டாலும் கதை அவனை நல்லவனாக்கிவிடும்.

இன்னொரு விடயத்தையும் யோசிக்க வேண்டும். மலையில் ஒளிந்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், பொலிஸ் வருகிறது என்ற தகவல் வேண்டும், கேட்டால் தெரியாது என்று சொல்லும் வாய்கள் வேண்டும். அதற்குக் கொள்ளையில் ஒரு பங்கு ஊருக்குள் போகத்தான் வேண்டும். தாராளமும் கணக்கும் அங்கே கலந்தே இருந்திருக்கும்.

அந்தப் பாதையில் போனவர்களெல்லாம் வெள்ளைத் துரைமார் அல்ல. வண்டிக்காரனும் சிறு வியாபாரியும் போனார்கள். மலைநாட்டு முஸ்லிம்கள் கண்டி மன்னர் காலம் தொட்டுப் பொதிமாடுகளில் சரக்கேற்றித் தவளம் நடத்தியவர்கள். பாதை பயமாக இருந்தால் அந்தப் பயம் எம் மூதாதையர் வயிற்றிலும்தான் இருந்திருக்கும். பறிகொடுத்தவனின் கதையை யாரும் பாட்டாகக் கட்டுவதில்லை.

'சூர' என்ற அடைமொழியைக் கவனியுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வேர். சூரன் என்றால் வீரன். ஒருவருடைய பெயருக்கு முன்னால் அதை ஒட்டிவிட்டால் பிறகு கேள்விக்கு இடமில்லை. பிள்ளை பெயரைக் கேட்கும்போதே தீர்ப்பையும் கேட்டுவிடுகிறது.

*

1864 மார்ச் 21. கிடைத்த தகவலின் பேரில் மாவனல்லையில் சரதியேலும் மம்மலேயும் இருந்த வீட்டைப் பொலிஸ் குழு சுற்றிவளைத்தது. அந்தக் குழுவில் ஒருவர் கொன்ஸ்தாபிள் சபான். துவான் சபான் என்றும் சொல்வார்கள். மலாய் முஸ்லிம்.

மலாய் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்பும் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் பரம்பரை அவர்கள். எம்மூர்களில் 'ஜாவா ஆக்கள்' என்போம். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களில் பெருந்தொகையானோர் இலங்கை ரைபிள் படையில் இருந்தார்கள். பிறகு பொலிஸிலும் தீயணைப்பிலும் சேவை செய்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. சபான் சூடுபட்டு இறந்தார். மம்மலேயின் துப்பாக்கிதான் அவரைக் கொன்றது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் இருவரும் உயிருடன் பிடிபட்டார்கள். கண்டியில் வழக்கு நடந்தது. 1864 மே 7ஆம் திகதி இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சபான் விழுந்த நாளிலிருந்து தூக்குவரை 47 நாட்கள். சரதியேலுக்கு வயது 32. தூக்குக்கு முன் அவர் கத்தோலிக்கரானார் என்றும் சொல்லப்படுகிறது.

இரண்டு வருடம் கழித்து, 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி ஜோர்ஜ் வில்லியம் ரொபட் கெம்பல் பொலிஸ் தலைவராகப் பொறுப்பேற்றார். பொலிஸ் திணைக்களம் இன்று தனது பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அடுத்த வருடம் ரயில் கண்டியை அடைந்தது. ரயில் பாதை மாவனல்லையால் போகவில்லை, றம்புக்கனையால் போனது. கோப்பி மூட்டைகள் உதுவன்கந்தையின் கண்ணில் படாமல் கொழும்புக்கு இறங்கின. சரதியேல் இன்னும் சில வருடம் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பழைய பாதை அவருக்கு இருந்திருக்காது.

ஆனால் கதை இருந்தது. இன்றும் இருக்கிறது. மாவனல்லையில் 'சரதியேல் கிராமம்' என்று அவர் காலத்து ஊரை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பாடசாலைச் சுற்றுலாக்களில் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

*

இனி அந்த வீட்டு வாசலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

உள்ளே இருப்பவர்களுக்குச் சுவர் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, தப்பினால் உயிர் இருக்கிறது. பிடிபட்டால் தூக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே சுடுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. வெளியே நிற்கும் கொன்ஸ்தாபிளுக்கோ மாதச் சம்பளம் மட்டும்தான். உள்ளே இருப்பவர்கள் சுடுவார்கள் என்று அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு அடி பின்னால் நின்றிருந்தால் யாரும் அவரைக் கோழை என்று எழுதியிருக்கமாட்டார்கள். ஏனென்றால் யாருமே அவரைப் பற்றி எழுதியிருக்கமாட்டார்கள்.

இந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர்?

"அவர் வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தவர்தானே" என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். காணிகளைப் பறித்த அதே அரசாங்கத்தின் சம்பளத்தைத்தான் அவர் வாங்கினார். ஆனால் பாதையில் போகும் வண்டிக்காரன் இரவில் பயமில்லாமல் போகவேண்டும் என்பது வெள்ளைக்காரனுடைய தேவை மட்டுமல்ல. அது எம் தேவையும்தான். புரன் அப்பு அரசாங்கத்தை எதிர்த்து நின்றார். சரதியேல் பாதையில் போனவனை மறித்தார். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'வீரம்' என்று சொல்வதில் எமக்கு உடன்பாடில்லை.

அதே நேரம், மம்மலே மரிக்காருக்குத் தீர்ப்புச் சொல்லவும் நாம் வரவில்லை. அவர் தன் கணக்கோடு அல்லாஹ்விடம் போய்விட்டார். சிங்கள நாட்டார் கதைகளில் அவர் காட்டிக்கொடுக்காத நண்பனாகவே நிற்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு முஸ்லிம் கொள்ளையனாக இருந்தான் என்று அன்றைய மாவனல்லை மக்கள் எமது சமூகத்தின்மேல் பழி போட்டதாக அந்தக் கதைகள் சொல்லவில்லை. ஒருவன் செய்தது அவனுடையது என்று விட்டார்கள். அந்தப் பக்குவம் இன்றைய காலத்தில் எல்லோருக்கும் வேண்டும்.

*

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எமது ஊர்களில் பெயர் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய. தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கி ஓடுகிறார்கள். ஒருவன் ஓட, இன்னொருவன் வீடியோ எடுக்கிறான். சந்தியில் ஒருவனை அடித்தால் 'சண்டியன்' என்ற பட்டம் கிடைக்கிறது. நாம் பெரியவர்களும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். "அவன் ஆள் சும்மா இல்லை" என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்காகவே பிள்ளை மறுபடி ஓடுகிறான்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படுபவர்களில் போரில் உயிர்விட்ட ஒருவரும் இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். 'வீரன்' என்று பேசப்படவேண்டும் என்பதற்காகவே போரிட்டவர் அவர். பேசப்பட்டும் விட்டார். அதோடு அவருடைய கூலி முடிந்தது. மார்க்கத்துக்காகப் போரில் இறந்தவருக்கே இந்த நிலை என்றால், லைக்குக்காக உயிரைப் பணயம் வைப்பவனுக்கு என்ன இருக்கிறது?

துணிச்சல் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. யாருக்காகத் துணிகிறாய், உன் துணிச்சலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கலாம். சரதியேல் கதையைச் சொல்லும் அன்றைக்கே சபான் கதையையும் சொல்லலாம். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலையடிக்குப் போனால், இந்த ஊரில் அன்று ஒரு கொன்ஸ்தாபிளும் இறந்தார், அவருடைய பெயர் இது என்று ஒரு நிமிடம் சொல்லலாம்.

மாவனல்லை, கேகாலை, கடுகண்ணாவைப் பக்கத்துப் பெரியவர்கள் இதைப் படித்தால், உங்கள் மூத்தாப்பா, மூத்தம்மாமார் அந்தப் பாதையைப் பற்றியும் தவளக்காரர்களைப் பற்றியும் சொன்னவற்றைக் கீழே எழுதுங்கள். மலாய் சகோதரர்களிடம் சபானுடைய குடும்பத்தைப் பற்றி ஏதேனும் தகவல் இருந்தால் அதையும் பகிருங்கள். பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைப்போம்.

அல்லாஹ் சபான் அவர்களின் பிழைகளை மன்னித்து, அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.