சுமை பின்னால் போனால் விமானம் என்னவாகும்?

1976 ஜூன் 6ஆம் தேதி, லாபுவானிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு வந்துகொண்டிருந்த நோமேட் ரகச் சிறு விமானம், தரையிறங்கும் நேரத்தில் செம்புலான் பகுதியில் விழுந்தது. சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உட்பட அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். இது சதிவேலை என்ற பேச்சு பல ஆண்டுகள் ஓயவில்லை. விசாரணை அறிக்கையை அரசாங்கம் வெளியிட்டது 2023 ஏப்ரலில்தான். நாசவேலைக்கோ வெடிப்புக்கோ தடயம் இல்லை. விமானத்தின் பின்புறச் சரக்கு அறையில் வரம்புக்கு மேல் சுமை ஏற்றப்பட்டிருந்தது என்றது அறிக்கை.

சில பைகள் விமானத்தையே கவிழ்க்குமா என்று கேட்கலாம். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வாளி கனத்தால் கம்பைத் தோளில் நகர்த்திச் சமன் செய்யலாம். விமானத்தில் தோள் என்பது இறக்கை. அதை நகர்த்த முடியாது. சுமையைத்தான் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியே ஈர்ப்பு மையம். அது முன்னே எதுவரை, பின்னே எதுவரை போகலாம் என்பதைத் தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற விமானத்தில் இந்த இடைவெளி ஏறத்தாழ ஓர் அடிதான்.

முன்பாரம் அதிகமானால் மூக்கு எழும்பாது. ஓடுபாதையில் அதிகத் தூரம் ஓட வேண்டிவரும். பின்பாரம் அதைவிட ஆபத்தானது. மூக்கு தானாக மேலே தூக்கும், வேகம் குறையும், வால் இறக்கையால் மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமல் போகும். கடைசியில் இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். தரையிறங்கும்போது இது நேர்ந்தால் மீள்வதற்கு உயரமும் இருக்காது.

கணக்கு கடினமானதல்ல. மொத்தம் 3,000 கிலோ எடையுள்ள விமானத்தில் 100 கிலோ சரக்கை 3 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், ஈர்ப்பு மையம் 10 சென்டிமீட்டர் பின்னே போகும். நூறை மூன்றால் பெருக்கி மூவாயிரத்தால் வகுத்தால் வரும் விடை அது.

சரவாக்கின் பாரியோ போன்ற உட்பகுதிகளுக்குப் பறக்கும் 19 இருக்கை ட்வின் ஒட்டர் விமானங்களில் பையோடு பயணியையும் தராசில் நிறுத்துவது இதனால்தான். கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரிய விமானங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடை வைத்துக் கணக்கிடுவார்கள். அதிலும் தவறு வரலாம். 2020 ஜூலையில் பர்மிங்காமிலிருந்து பால்மாவுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 737இல், ‘மிஸ்’ என்று பதிவுசெய்த 38 பெண்களைக் கணினி சிறுமிகளாக எண்ணிவிட்டது. 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ! ஏட்டில் இருந்த எடை உண்மையைவிட 1,244 கிலோ குறைவு. நல்லவேளை, விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பாதி காலியான விமானத்தில் விருப்பம்போல் இடம் மாற வேண்டாம் என்று பணியாளர் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான். புறப்பட்டு மேலே போனதும் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால், ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பெட்டியைத் தூக்கும் ஊழியரின் முதுகைக் காக்க வந்த விதி.