மின்சாரத்தில் பிறந்த சுருதி

அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு முதல் தன் நிலையங்களில் ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. 1971-இல்தான் அத்தடை தளரத் தொடங்கிற்று. கட்டைக்கு ஒரு ஸ்வரம் எனக் கட்டுண்ட கருவியில் கமகம் பிறவாது என்பதே பெரிதும் கூறப்பட்ட காரணம். அத்தடையைப் பற்றி எழுந்த வாதங்கள் பல. ஆயின் அதே காலத்தில், கமகத்தை இழைக்கவல்ல மின்கருவியொன்று அகமதாபாத்தில் ஓர் அறைக்குள் ஒலித்துக்கொண்டிருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அது அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் அமைத்த சிந்தசைசர். மூக் இளமையிலேயே, கை படாமல் இசைக்கும் தெரமின் என்னும் கருவியை அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை 1954-இல் ஒரு வானொலி இதழில் எழுதியவர். பத்தாண்டு கழித்து அவர் சமைத்த சிந்தசைசரின் தத்துவம் எளியது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினாலோ, வீணைத் தந்தியை இழுத்தாற்போல் ஒலி வழுக்கிக்கொண்டே செல்லும். ஆர்மோனியத்தின் மீது சாட்டப்பட்ட குற்றம் இதைச் சாராது.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் இக்கருவியைக் கொண்டு ஒலிக்கூடம் அமைத்துத் தந்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். இம்முயற்சியில் முக்கிய பங்கு கீதா சாராபாய் அம்மையாருக்கு உண்டு. அவர் பக்வாஜ் என்னும் முழவு வாசித்தவர். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளருக்கு நம் இசையைக் கற்பித்து, அவரிடம் மேனாட்டு இசையைக் கற்றவர். அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அக்கூடத்தில் ஒலிநாடாக்களைப் படைத்தனர். பின்னர் அவை நிறுவனத்தின் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் உறங்கின. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுக்க, 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. ஒலிநாடா தூசியிலும் ஈரத்திலும் அழிவது. அவை பிழைத்ததை நற்பேறு என்றே சொல்லவேண்டும்.

பம்பாயில் திரைப்பட வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், 1982-இல் மூன்று ஜப்பானிய மின்கருவிகளில் பத்து ராகங்களை வாசித்துத் தட்டாக்கினார். அன்று வாங்குவார் இல்லை. 2010-இல் மறுபதிப்பான பின்னரே உலகம் வியந்தது.

இவையெல்லாம் ஒருசிலர் கண்ட கருவிகள். நம் இல்லங்களுக்குள் வந்த சிந்தசைசர் ஒன்று உண்டு. அதனை அப்பெயரால் நாம் அழைப்பதில்லை. வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தம்புரா சுமையான பொருள். உடன் அமர்ந்து மீட்டவும் ஆள் வேண்டும். துருத்திச் சுருதிப்பெட்டிக்கும் ஒரு கை வேண்டும். பெங்களூரில் பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-ஆம் ஆண்டளவில் மின்சுற்றாலேயே சுருதியை எழுப்பும் பெட்டியை உருவாக்கினார். ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என ஒரு குமிழைத் திருப்பினால் போதும். தனியே பாடிப் பழகும் பிள்ளைக்கு அது எத்துணை பெரிய துணை! கொலுவின் முன் பாடும் சிறுமிக்குப் பக்கத்தில் அது முனகிக்கொண்டிருந்ததைச் செகந்திராபாத்திலும் ஹைதராபாத்திலும் வாழும் நம்மவர் கண்டிருப்பர்.

பிற்காலப் பெட்டிகள் மெய்யான தம்புராவின் ஒலியைப் பதிவு செய்து நினைவில் வைத்து ஒலிப்பவை. முற்காலத்துப் பெட்டியோ மின்னலையிலிருந்தே நாதத்தைப் புனைந்தது. அந்நாதம் சற்று வண்டின் ரீங்காரம் போன்றிருக்கும். அதையே விரும்பும் செவிகளும் உள்ளன. அவ்வகையில் அது மூக் கருவிக்கு நெருங்கிய உறவு.

இன்று கைப்பேசியே சுருதி கூட்டுகிறது. பழைய பெட்டிகள் பல காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் நோய் சிறியதே. உள்ளிருக்கும் மின்தேக்கி, வெப்ப நாட்டில் காலப்போக்கில் உலர்ந்துவிடுகிறது. சுருதி நிலைகொள்ளாமல் தள்ளாடும், அல்லது உறுமல் கேட்கும். கோட்டியின் குஜராத்தி கல்லிக் கடைகளில் அம்மின்தேக்கி சொற்ப விலைக்குக் கிடைக்கும். பழைய உறுப்பின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துச் சென்று, வோல்ட் அளவு அதற்குக் குறையாததாகப் பார்த்து வாங்கவேண்டும். பற்றவைக்கும்போது கூட்டல், கழித்தல் முனைகள் இடம் மாறலாகாது.