பறக்கும் படகின் அடிவயிற்றில் ஒரு படி

பறக்கும் படகுன்னதும், சக்கரத்துக்குப் பதிலா மிதவை மாட்டின விமானம்னு நெனைச்சுடாதீங்க. அது வேற. இதுல விமானத்தோட உடம்பேதான் படகு.

இதுல பெரிய தலைவலி தண்ணியை விட்டுக் கிளம்புறதுதான். குழாய்த் தண்ணி ஓடுறப்ப ஸ்பூனோட முதுகைக் காட்டிப் பாருங்க. தண்ணி ஸ்பூனைத் தள்ளாது, தன் பக்கம் இழுக்கும். படகோட அடிப்பாகமும் வால் பக்கம் மேல்நோக்கி வளையுது இல்லையா, அங்கேயும் இதே கதைதான். எஞ்சின் எவ்ளோ கத்தினாலும் தண்ணி விடாது.

தீர்வு ரொம்ப எளிமை. அடிவயித்துல குறுக்கா ஒரு படி வெட்டி விட்டாங்க. வேகம் கூடினதும் தண்ணி அந்த விளிம்புல அறுந்துடும், பின்னாடி காத்து புகுந்துடும். அப்புறம் முன்பாதியில சறுக்கிக்கிட்டே எழும்பிடலாம்.

முதல் உலகப்போர் சமயத்துல, ஃபெலிக்ஸ்டோ கடற்படைத் தளத்துல ஜான் சிரில் போர்ட் என்பவர் அமெரிக்க கர்ட்டிஸ் படகுகளோட அடிப்பாகத்தை மாத்தி மாத்திச் சோதிச்சார். காசநோயால கடற்படையிலேர்ந்து ஒரு தடவை அனுப்பப்பட்ட மனுஷன். போர் முடிஞ்ச மறு வருஷம், 1919ல், 35 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார்.

அடுத்த பெயர் ஆர்தர் கூஜ். ராச்செஸ்டர்ல இருந்த ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனியோட வடிவமைப்பாளர். இவரோட எம்பயர் ரகப் படகு ஒண்ணுகூடப் பறக்குறதுக்கு முன்னாடியே இம்பீரியல் ஏர்வேஸ் 28 ஆர்டர் கொடுத்துச்சு! முதல் படகு 'கனோபஸ்' 1936 ஜூலையில பறந்தது. அடுத்த வருஷம் அதோட ராணுவத் தம்பி சண்டர்லேண்ட்.

ஆனா படிக்கும் ஒரு விலை உண்டு. தண்ணியில உதவுற அதே விளிம்பு காத்துல வீண் இழுவை. அதனால சண்டர்லேண்ட் மார்க் 3ல படியோட முனையைச் சரிவாக்கினாங்க. கடல் கண்ணாடி மாதிரி அசையாம இருந்தா இன்னொரு தொல்லை, தண்ணி இன்னும் ஒட்டிக்கும். மோட்டார் படகை முன்னாடி ஓட்டி அலை கிளப்பி விடுவாங்களாம்!

இரண்டாம் உலகப்போர் முடியறதுக்குள்ள ஊரெல்லாம் கான்கிரீட் ஓடுபாதை வந்துடுச்சு. அப்பவும் சாண்டர்ஸ்-ரோ கம்பெனி விடலை. கூஜும் அதுக்குள்ள அங்கே போயிருந்தார். பத்து எஞ்சின் பூட்டின 'பிரின்சஸ்' 1952ல பறந்தது. மூணு கட்டினதுல பறந்தது அது ஒண்ணுதான். கடைசியா 1967ல பழைய இரும்புக் கணக்குல உடைச்சாங்க.

பொறியாளர்கள் தோத்துட்டாங்கன்னு எனக்குத் தோணலை. மேலே போனதும் சக்கரத்தை மடக்கி உள்ளே வச்சுக்கலாம். படகை எங்கே மடக்குறது, சொல்லுங்க?