கல்வெட்டில் இல்லாத நாய், பூனை

நாய்க்கு வயிறு குழம்பினால் "சூடான" சாப்பாடா, "குளிர்ச்சியான" சாப்பாடா குடுக்க வேணும் என்று சீன வைத்திய முறைப்படி சொல்லுற ஆக்கள் இப்ப கூடிவிட்டார்கள். பப்பாசி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் புதுசில்லை.

சீனத் தொடர்பும் தீவகத்துக்குப் புதுசில்லை. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 11, 12ஆம் நூற்றாண்டுச் சீனப் பாத்திரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதற்காக, பாத்திரத்தோடு வைத்தியமும் கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்ல ஏலாது. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிக்கிற வழக்கம் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய கிரேக்க வைத்தியத்திலும் இருக்கு.

அந்தக் காலத்தில் எந்த மிருகத்துக்கு மதிப்பு? நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு இருக்கு. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. மற்ற வணிகச் சரக்கென்றால் பாதிப் பாதி. சீனாவிலும் இதே கதைதான். 1608 இல் யூ சகோதரர்கள் எழுதிய பேர்பெற்ற மிருக வைத்திய நூல் முதன்மையாகக் குதிரையைப் பற்றியது. நாய், பூனைக்கான "சீனச் சாப்பாட்டு முறை" பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு நாட்டு மிருக வைத்தியர்கள் பழைய கொள்கையிலிருந்து கட்டியெழுப்பியது.

ஆனால் எங்கட சனம் நாய், பூனையைக் கவனிக்காமல் இருக்கவில்லை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் இருக்கு. அதன் வேரைத் தோண்டினால் பூனை தேடிவந்து புரளும். கல்வெட்டில் ஏறாத அறிவு செடியின் பெயரில் தங்கிவிட்டது. 1990, 1991 இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, சோறு வைக்க ஆளில்லாமல் நின்ற நாய், பூனைகளையும் எந்தப் பதிவேடும் எண்ணவில்லை.

சரி, இப்ப என்ன செய்யலாம்? சீன முறை மண்ணீரலையும் இரைப்பையையும் சமிபாட்டின் மையமாக வைக்கும். வயிறு இளகினால் பச்சையாக, குளிராக எதுவும் குடுக்காமல் கஞ்சி, அவித்த கோழி, பூசணி என்று சொல்லும். குழைந்த சோறும் அவித்த கோழியும் சாதாரண மிருக வைத்தியர்களும் சொல்லுற சாப்பாடுதான். அதை ஏற்கலாம். ஆனால் "சூடு குடுக்கிறம்" என்று வெங்காயம், உள்ளி சேர்த்தால் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணு சிதையும். வெங்காயம் விளைகிற யாழ்ப்பாணத்தில் மீன்குழம்புச் சோறே வழக்கமான நாய்ச்சோறு என்பதால், இது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. குழம்பு ஊற்ற முதல் அவித்த மீனை முள் நீக்கி எடுத்து வைத்தால் போதும். பூனைக்கு வெறும் சோறு காணாது. இறைச்சியோ மீனோ கட்டாயம் வேணும். வயிற்றோட்டத்தில் இரத்தம் கண்டாலோ, தண்ணீர் குடிக்காமல் படுத்தாலோ, சூடா குளிரா என்று யோசிக்காமல் மிருக வைத்தியரிடம் போவம்.

பழசு, சீனம், தமிழ் என்பதற்காக ஒன்றை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சட்டிக்குள் என்ன போகுது என்று பார்ப்பம்.